செத்த பிறகு மனை வாங்கியவர்

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தின் விதிமுறைப் புத்தகம், நான்காம் பகுதி. குடும்ப மனை ஒன்றை வாங்கியவர் இறந்துபோனால், அங்கே அடக்கம் பெறும் உரிமை அவருடைய நேர் வாரிசுகளைச் சேரும். அலுவலகத்தின் அட்டைக்கும் பழைய பங்குக் கோவில் பதிவேட்டுக்கும் முரண்பாடு இருந்தால் பதிவேடே செல்லும். வாரிசு எழுத்துமூலம் விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரப்படும். பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராகச் சேர்ந்து மாவட்டப் பதிவாளராக ஓய்வுபெற்றவன் நான். இவ்வளவு நன்றாக எழுதப்பட்ட விதியை எங்கள் துறையில்கூட நான் பார்த்ததில்லை. அதை எழுதியவர் எப்போதோ செத்திருக்க வேண்டும். அவருக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் அதை யாரும் படித்த அடையாளம் இல்லை.

விண்ணப்பம் என்னுடையது அல்ல. என் சம்பந்தியம்மாவுடையது.

என் மகள் நியூ ஜெர்சியில் ஒரு தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஞ்சினியர். அங்கேயே உடன் வேலை பார்த்த ஐரிஷ் வம்சத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கத்தோலிக்கர்கள் என்பதால் எங்கள் ஊர்ப் பங்குச்சாமியாருக்குக்கூடக் குறைசொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்றபின் நானும் மனைவியும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான்கு தெரு தள்ளி மருமகனின் அம்மா தனியாக இருந்தார். 1986இல் அவருக்கு எண்பது வயது. சோப்புத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டி ஒரே மகனைப் படிக்க வைத்தவர். நான் அவரைச் சம்பந்தியம்மா என்று கூப்பிடுவேன். அது ஏதோ பட்டம் என்று நினைத்து அவரும் ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு என்னை ரிஜிஸ்ட்ரார் என்பார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்த வேகமும் குத்தலும் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தன. அப்படியே எழுதுகிறேன்.

அந்த அக்டோபரில் டாக்டர் அவருடைய இருதயம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா அழவில்லை. கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். செங்கல் சூளையில் வேலை பார்த்த அவருடைய தாத்தா வாங்கிய மனையில் நான்கு குழிகளுக்கு இடம். தாத்தா, பாட்டி, மூன்றாவதாக சம்பந்தியம்மாவின் முதல் குழந்தை. முப்பதுகளின் பஞ்ச காலத்தில் பிறந்து பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போன பெண் குழந்தை. நான்காவது இடம் காலி. கணவர் யுத்த காலத்தில் சரக்குக் கப்பலில் போய்க் கடலோடு கலந்துவிட்டார். அதனால் பக்கத்தில் படுக்க அவருக்கு வேறு யாரும் இல்லை. அந்த நான்காவது இடத்தைத் தனக்கென்று குறித்து வைக்கச் சொல்லித்தான் கடிதம்.

வந்த பதிலை அவர் என் முன்னால் மேசையில் போட்டார். மனையை வாங்கியவர் 1878இல் மணமாகாமல் இறந்தார், வாரிசு இல்லை, எனவே உரிமை தோட்டத்துக்கே திரும்பிவிட்டது.

"எங்க தாத்தாவுக்குக் கல்யாணமே ஆகலையாம், ரிஜிஸ்ட்ரார். அப்ப எங்கம்மா என்ன, செங்கல் சூளையில வெந்து வந்தவளா?"

கடிதத்தை நான் வாசித்தேன். இந்த மாதிரிக் கடிதங்களை மேலிருந்து கீழே வாசிக்கக் கூடாது. தேதிகளை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். கடைசி வரியில் மனை வாங்கப்பட்ட வருடத்தையும் போட்டிருந்தார்கள். 1884.

"உங்க தாத்தா கெட்டிக்காரர்" என்றேன். "செத்து ஆறு வருஷம் கழிச்சு வந்து மனை வாங்கியிருக்கார்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தையை நான் அங்க தனியா விட்டுட்டு வேற எங்கயும் போக மாட்டேன். அதை மட்டும் அவனுங்களுக்குப் புரிய வை."

மறுவாரம் அலுவலகத்துக்குப் போனேன். பழைய பங்குகள் மூடப்பட்டபோது அவற்றின் கல்லறைத் தோட்டங்களையெல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். மேலாளர் நல்ல சூட் அணிந்த, மிகவும் மரியாதையான மனிதர். எங்கள் ஊர் அலுவலகங்களில் எரிந்து விழுவார்கள், அதற்கு நாமும் எரிந்து விழலாம். இவரிடம் அதற்கும் வழி இல்லை. இரண்டு தேதிகளையும் காட்டினேன்.

"ஒரு தேதியில் எழுத்துப் பிழை இருக்கலாம்" என்றார்.

"எந்தத் தேதியில்?"

"அதைக் கமிட்டிதான் பார்க்க வேண்டும். நீங்கள் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?"

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. மகன், மகள், சகோதரர், சட்டப் பிரதிநிதி, இதர. "என் மகளின் மாமியார்" என்றேன். யோசித்தார். "அப்படியானால் உங்களுக்கும் அவருக்கும் உறவு இல்லை" என்று மிகவும் வருத்தத்துடன் சொன்னார். சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளைக் கொடுத்து வாங்கியவர்களுக்குப் பெயர் வைக்கத் தோன்றாத மொழியில் நான் வாரிசுரிமை வாதாடப் போயிருந்தேன். "இதர" என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்தக் குறி பின்னால் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லப்போகிறேன்.

பிழை என்று சொல்லிக் கையைக் கழுவ அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்கு இல்லை. 1878இல் ஒருவர் செத்திருக்கிறார், அது உண்மை. 1884இல் ஒருவர் மனை வாங்கியிருக்கிறார், அதுவும் உண்மை. இருவருக்கும் ஒரே பெயர். குடும்பத்தில் அந்தப் பெயரில் வேறு ஆளே கிடையாது என்று சம்பந்தியம்மா சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவிக்கு இந்த விவகாரத்தில் பொறுமை இல்லை.

"ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ஆபீஸ் விட மாட்டேங்குது உங்கள" என்றாள். பிறகு மகளிடம், "உங்கப்பாவோட பெரியப்பா மகன் நெட்டையன் இருந்தான்ல, அவன் நிலத் தகராறுல உங்கப்பா இப்படித்தான் ஆறு வருஷம் அலைஞ்சாரு" என்றாள்.

நெட்டையனின் ஞானஸ்நானப் பெயர் என்னுடைய பெயர்தான். எங்கள் தாத்தாவின் பெயர். என் தகப்பனார் வீட்டில் ஆண்கள் மூவர். ஒவ்வொருவரும் முதல் மகனுக்குத் தன் தகப்பனின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி எங்களைக் கூப்பிட எங்கள் அம்மாமார்களுக்கு வாய் வராது, மாமனார் பெயர் அல்லவா. அதனால் ஒருவன் நெட்டையன், ஒருவன் மணி, நான் குஞ்சு. நெட்டையனின் உண்மையான பெயரை என் மனைவி அவன் மரண அறிவிப்பில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அவனுடைய நிலத்தை என் பெயரிலும், என்னுடைய வரியை மணியின் பெயரிலும் எழுதி வைத்த கிராமக் கணக்கை நேர்செய்யத்தான் அந்த ஆறு வருடமும்.

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சம்பந்தியம்மாவைக் கேட்டேன். "உங்க தாத்தாவைச் சூளையில என்னன்னு கூப்பிடுவாங்க?"

"கருப்பர்னு. முடி அவ்வளவு கருப்பு."

"யார்கிட்டேருந்து பிரிச்சுச் சொல்றதுக்குக் கருப்பர்?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சிவப்பர்னு ஒருத்தர் இருந்தாராம். தாத்தாவோட சித்தப்பா பையன். சூளைக்கு மண் வெட்டும்போது கரை சரிஞ்சு மூடிருச்சு. சின்ன வயசு. எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே." பிறகு, "வாத்துக்காரர்னும் ஒருத்தர். வாத்து வளத்தவர். அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "மூணு பேருக்கும் ஒரே பேர்."

"எப்படி?" என்று மருமகன் கேட்டான்.

"உங்க வீட்டுலயும் முதல் பையனுக்குத் தாத்தா பேரா?"

"ஆமா. எனக்கு அதுதான்."

நிரூபிக்கக் குளிர்காலம் வரை ஆயிற்று. அயர்லாந்தின் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பாலானவை 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனவை. ஏழைகள் வாழ்ந்ததற்கு அத்தாட்சியே அவர்களின் பங்குக் கோவில்கள்தான். மைக்ரோஃபிலிம் சுருள்களை வரவழைத்துத் தரும் ஒரு நூலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். சாமியார்களின் கையெழுத்து உலகம் முழுக்க ஒரே கோழிக்கிறுக்கல்தான். லத்தீன், அதுவும் பாதி விழுங்கிய லத்தீன். ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் சாமியார் குழந்தையின் பெயரோடு நிற்பதில்லை. தகப்பன், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஒரே பங்கில், ஐந்து வருட இடைவெளிக்குள், ஒரே பெயரில் மூன்று ஆண் குழந்தைகள். தகப்பன்மார் அண்ணன் தம்பிகள். தாய்மார் மூவரும் வெவ்வேறு வீட்டுப் பெண்கள். உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்த மூன்று பையன்கள். ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறி, நியூ ஜெர்சியின் களிமண்ணில் ஒரே சூளையில் செங்கல் சுமந்திருக்கிறார்கள். அந்தச் செங்கல்லில் கட்டிய வங்கிகளும் நீதிமன்றங்களும் இன்றும் நிற்கின்றன. கட்டியவர்களுக்கு ஒரு அட்டை. அதுவும் மூன்று பேருக்குச் சேர்த்து.

அமெரிக்காவின் 1880ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சுருளையும் பார்த்தேன். சூளைத் தெருவில், இரண்டு வருடத்துக்கு முன் மணமாகாமல் செத்துப்போன கருப்பர், மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் வசிக்கிறார். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அதுதான் சம்பந்தியம்மாவின் அம்மா. அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணமானபோது சாமியார் எழுதிய பதிவில் அவளுடைய தகப்பன், தாய் இருவரின் பெயரும் இருந்தன. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை.

நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி, பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கமும் வைத்து, டிசம்பர் முதல் வாரத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், கொண்டுவந்தவருக்கு நாற்காலி போடச் சொல்லியிருப்பேன்.

முப்பது நாள் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "பரிசீலனையில் இருக்கிறது." அடுத்த வாரம் மறுபடியும் கேட்டேன். "மன்னிக்கவும், நீங்கள் 'இதர'. குடும்பத்தினரிடம் மட்டும்தான் விவரம் சொல்ல முடியும்." மருமகன் பேசினான். அவனிடம், கோப்பைத் தயாரித்தவரோடு பேசிக்கொள்ளச் சொன்னார்கள்.

"அப்பா, ப்ளீஸ், டென்ஷன் ஆகாதீங்க" என்றாள் மகள். "இது இந்தியா இல்ல. இங்க லஞ்சம்லாம் கிடையாது. சிஸ்டம் இருக்கு. வெயிட் பண்ணுங்க."

"லஞ்சம் இருந்திருந்தா டிசம்பர்லயே முடிஞ்சிருக்கும்மா" என்றேன். என் வாழ்நாளில் ஒரு பைசா வாங்காதவன் நான். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததற்காகவே அந்த அலுவலகத்தை நான் மன்னிக்கமாட்டேன்.

பிப்ரவரியில் சம்பந்தியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர். சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். நான் உள்ளே போனபோது நெற்றியில் எண்ணெய் மினுங்கியது.

"எழுதிட்டானுங்களா?" என்றார்.

"இல்ல."

"அப்ப இப்ப சாக முடியாது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் அலுவலகத்திலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. மகள் ஓடிவந்து கொடுத்தாள். பிரித்தால், வழுவழுப்பான தாளில் வண்ணப் புத்தகம். ஹைவேக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பகுதியில் அமைதியான சூழல், தாராளமான கார் நிறுத்தும் வசதி, இப்போதே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. விண்ணப்பத்துக்குப் பதில் எழுதக் கையில்லாதவர்களுக்கு விண்ணப்பத்திலிருந்த விலாசத்தை எடுத்து விளம்பரம் அனுப்பக் கையிருந்திருக்கிறது. வாரிசில்லாத மனை தோட்டத்துக்குத் திரும்பினால் அந்தக் காலி இடம் என்னவாகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மருமகன் புத்தகத்தைப் புரட்டினான். நல்ல பையன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சண்டை போடும் தெம்பு அவனுக்கு இல்லை. "எல்லாம் ஒரே மண்தானே? இது நல்லாத்தான் இருக்கு. அம்மா போனப்புறம் அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இப்ப தெரியுதே" என்றாள் என் மனைவி. அதுவரை இந்த விஷயத்தில் என்னைக் கேலி மட்டுமே செய்துகொண்டிருந்தவள். "அவங்க உயிரோட இருக்கும்போதே தெரியுதே, தம்பி. அது போதாதா?" அவள் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் அவனுக்குச் சொன்னாள். அவன் புத்தகத்தை மூடினான்.

மார்ச்சில் இரண்டாவது முறை. மறுபடியும் சாமியார், மறுபடியும் எண்ணெய். "ரெண்டு தடவை பூசியாச்சு, இனிமே வறுக்கத்தான் பாக்கி" என்றார் சம்பந்தியம்மா. குரலே எழவில்லை. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் செத்தா ஃபைலை மூடிடலாம்னு உக்காந்திருக்கானுங்க. அதானே?"

"அதேதான்" என்றேன். நோயாளியிடம் அப்படிச் சொல்லலாமா என்று மகள் வழி முழுக்க என்னைக் கடிந்துகொண்டாள். ஆனால் அது உண்மை. விண்ணப்பதாரர் இறந்தால் விண்ணப்பம் முடிந்துவிடும் என்று அதே விதிமுறைப் புத்தகம் ஏழாம் பகுதியில் சொல்கிறது. சம்பந்தியம்மாவும் அதைப் படித்திருந்தார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி நேரில் போனேன். இந்த முறை ஒரே ஒரு கோரிக்கை. நான்காம் பகுதியின்படி அட்டையை விட்டுவிட்டு மூலப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

மேலாளர் புன்னகைத்தார். "பதிவேடுகள் கிடங்கில் உள்ளன. அட்டைகள் மிகவும் நம்பகமானவை. உண்மையில், முன்பு நிறைய இரட்டிப்பு அட்டைகள் இருந்தனவாம். ஐம்பதுகளில் ஒருவர் உட்கார்ந்து, ஒரே பெயர், ஒரே ஊர் என்று இருந்தவற்றையெல்லாம் ஒன்றாக்கிச் சுத்தம் செய்தார். பெரிய உழைப்பு."

ஐரிஷ் பெயர்கள், ஐரிஷ் பங்கு, ஒரே கிராமத்திலிருந்து வந்த கூட்டம். அந்தச் சுத்தம் செய்தவரும் ஒருவேளை தாத்தாவின் பெயரைச் சுமந்தவராகவே இருந்திருக்கலாம். அவருக்கே தோன்றவில்லை. முதல் அட்டையை வைத்துக்கொண்டு, மனை வாங்கிய வருடத்தை அதில் ஏற்றிவிட்டு, மற்றவற்றைக் குப்பையில் போட்டிருக்கிறார். செத்த சிவப்பரின் அட்டை மிஞ்சியது. கருப்பரும் வாத்துக்காரரும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு காகிதக் கூடைக்குப் போனார்கள். எத்தனை குடும்பங்களுக்கு இப்படி ஆயிற்றோ, கேட்க யார் வந்தார்கள்? சூளைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் அலுவலகம் 'இல்லை' என்று சொன்னால் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறவர்கள்.

"நீங்கள் இப்போது சொன்னதை எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

"எதை?"

"அட்டைகளை ஒன்றாக்கியதை. பதிவேட்டைப் பார்க்க மறுப்பதையும். இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

முதல் முறையாக அவருடைய மரியாதை குறைந்தது. "சார், நீங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே இல்லை" என்றார்.

"என் பேரப்பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா உறவு முறை வரைக்கும் நான் நகல் கொடுத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் அதைப் பிரித்தாவது பார்த்திருக்கிறார்களா?" என்று கத்தினேன். உறவு முறையைக் கோபத்தில் ஒரு தலைமுறை கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மரியாதை செய்திருப்பேன்.

எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அலுவலகம் பூட்டும்வரை நான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் மருமகன் தானாகவே லீவு போட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "மகன்" என்ற கட்டத்தில் குறியிடத் தகுதியுள்ளவன். கிடங்கிலிருந்து பதிவேட்டை வரவழைப்பதாக அவனிடம் சொன்னார்கள்.

மே, ஜூன், ஜூலை. சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக்சிஜன் குழாய் மூக்கில், தபால்காரர் வரும் நேரத்தில் முன்வாசல் நாற்காலியில். டாக்டர் வியந்துபோய், எந்த மருந்து வேலை செய்தது என்று என் மகளிடம் கேட்டாராம்.

கடைசியில் வந்த கடிதம் ஒன்றரைப் பத்தி. மூலப் பதிவேடு பார்க்கப்பட்டது. அதே பெயரில் மூன்று நபர்கள் இருப்பது தெரிகிறது. மனை வாங்கியவர் விண்ணப்பதாரரின் தாய்வழித் தாத்தாவே. குழந்தையின் அடக்கமும் பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்த நான்காவது இடம் விண்ணப்பதாரரின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. தாமதம் என்ற சொல்லும் இல்லை. கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கும் உறையின் அஞ்சல் முத்திரைக்கும் ஆறு வாரம் வித்தியாசம்.

சம்பந்தியம்மா பூதக்கண்ணாடி வைத்துத் தானே படித்தார். பிறகு என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். குழந்தையைப் பற்றிய வரி வந்ததும் கையைத் தூக்கி, "அதை மட்டும் இன்னொரு தடவை" என்றார். படித்தேன்.

"கையெழுத்துப் போட்டவன் பேர் என்ன?"

"தெரியல. கிறுக்கியிருக்கான்."

"போடா" என்றார், கடிதத்தைப் பார்த்து. எனக்குப் பேனாவை நீட்டினார். "எப்ப வந்துச்சுன்னு மேல எழுதி வை, ரிஜிஸ்ட்ரார். பின்னாடி சீக்கிரமே அனுப்பிட்டோம்பானுங்க."

இடது மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, 1987 ஆகஸ்டு 19, புதன்கிழமை.